ஒரு சாண் நீண்ட ஹம்பர்

கரமனை,
திருவனந்தபுரம்.
ஐப்பசி, ஞாயிறு காலை.

அன்பு மகள் கௌசல்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, கோதன்பர்க் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். துலா மழை தொடங்கியதும் உன் அம்மாவின் முழங்கால் வலி திரும்பி வந்தது, தைலம் தேய்த்து இப்போது படியிறங்கிக் கோயில்வரை போய்வருகிறாள். பின்சுவரை ஒட்டி நிற்கும் பப்பாளி காய்ப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை இந்த ஊர்ப் புழுக்கத்திலும் அவள் இரவில் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள், ஏன் என்று கேட்டால் பிள்ளை அனுப்பினதுல்லா என்கிறாள். உன் மாமா தாணுலிங்கமும் நலமாக இருக்கிறார். மிகவும் நலமாக இருக்கிறார். இந்தக் கடிதமே அவரைப் பற்றியதுதான். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய், போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி அருகில் வந்து உட்கார்ந்துவிடுவாள், அவள் அறியக்கூடாத செய்தி ஒன்று இதன் கடைசியில் வருகிறது, ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

நான் கோபமாக இல்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கோபம் வந்தவனுக்குக் குரல் உயரும், என் குரல் இந்த இரண்டு வாரமும் ஒரே அளவில்தான் இருந்துவருகிறது. உன் மாமாவோடு நான் பேசுவதில்லை என்று உன்னிடம் யாராவது சொல்லியிருந்தால் அதுவும் சரியான தகவல் அல்ல, உன் அம்மாவின் வழியாகப் பேசுகிறேன். சென்ற ஞாயிறு வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் உப்புக் கேட்டார், உப்பு என் கையருகே இருந்தது, உன் அண்ணன் கேட்கும் உப்பு இங்கே இருக்கிறது என்று சொல் என உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு பேரும் காலேஜில பாடம் எடுத்தவியதானே, ஒரு உப்புக் கிண்ணத்தைத் தள்ளுகதுக்கு நடுவில ஒரு ஆளு வேணுமாக்கும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கிண்ணத்தைத் தள்ளினேன், அவரை நோக்கி அல்ல, மேசையின் நடுப்பகுதிக்கு.

வாதத்தின் ஒழுங்கு கெடாமல் இருக்க உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொன்முடித் தேயிலைத் தோட்டத்துப் பழைய ஷெட்டிலிருந்து நானும் உன் மாமாவும் சேர்ந்து எடுத்துவந்த அந்த ஹம்பர் கார், ஏறக்குறைய தொண்ணூறு வருடத்துக்கு முன்பு ஒரு துரையின் சவாரிக்கென்று கப்பலில் வந்திறங்கிய வண்டி. துரை போனபின் வந்தவர்கள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த உடல் முழுவதையும் அறுத்தெறிந்துவிட்டுப் பலகை அடித்துக் கொழுந்து மூட்டை ஏற்றினார்கள். எஞ்சினும் அடிச்சட்டமும் எஞ்சின, மேலே கட்ட ஓர் உடல் மட்டும் இல்லை. அந்த உடலை நீ வரைந்தாய். உன் கார் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் உன்னை அவர்கள் பக்கக் கண்ணாடியின் கூட்டை வரைய வைத்துக்கொண்டிருக்கிறார்கள், உலகத்தில் ஓடும் எத்தனையோ கார்களின் காதில் உன் கைவேலை இருக்கிறது, ஆனால் தலை முதல் முதுகு வரை கௌசல்யா வரைந்தது என்று சொல்ல ஒரு வண்டிகூட இதுவரை இல்லை. இந்த ஹம்பர்தான் முதலாவது. பானட்டில் புறப்பட்டு, இரண்டு கதவுகளின் மேலும் ஓடி, பின்சக்கரத்தைத் தாண்டி, முதுகில் மெல்ல இறங்கும் அந்த ஒற்றைக் கோட்டை நீ எத்தனை முறை அழித்து வரைந்தாய் என்பதை நான் அறிவேன், ஒவ்வொரு முறையும் எனக்குத்தானே அனுப்பினாய். நீ மார்கழியில் வருவதற்குள் முடிய வேண்டும் என்பதால் வேலையை இரண்டாகப் பிரித்தோம். மரச்சட்டக்கூடு நேமத்தில் ரெஜியின் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் தங்கப்பன் ஆசாரியின் கையில், அதன்மேல் போர்த்த வேண்டிய அலுமினியத் தகடுகள் உன் முழு அளவுப் படத்தை வைத்துக் கோயம்புத்தூரில். இரண்டும் ஒரே படத்திலிருந்து பிறப்பதால் இரண்டும் பொருந்தும் என்பது என் கணிப்பு. மனிதர்கள் குறுக்கிடாதவரை அது சரியான கணிப்பே.

தகடுகள் லாரியில் வந்து இறங்கிய அன்று ரெஜி தன் கையாலேயே சாக்கைப் பிரித்தார். முப்பது வருடமாகப் பஸ் கட்டுகிறவர், இப்படி ஒரு தகட்டைத் தொட்டதில்லை என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். முன்கதவு உட்கார்ந்தது, பின்கதவு உட்கார்ந்தது, உன் கோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடையில்லாமல் ஓடியதைப் பார்த்து நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பக்கத் தகடு சக்கரத்தின் மேல் கச்சிதமாக வளைந்து நின்றது. கடைசியாக முதுகுத் தகட்டைத் தூக்கிக் கூட்டின் பின்புறத்தில் பொருத்தினார்கள். பக்கமும் முதுகும் ஒன்றையொன்று தொடவேண்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டவெளி, உள்ளே அயினி மரச்சட்டம் விலா எலும்பாகத் தெரிந்தது. மறுபக்கமும் அப்படியே, கூரையிலும் அப்படியே.  பிறகு ரெஜி, சாறே, சட்டைக்கு அளவு கொடுத்திட்டு வண்டி போயி ஓணசத்யை உண்டு வந்நிரிக்குன்னு, வயிறு அடங்குன்னில்லா என்றார், ஓண விருந்தில் வயிறு பெருத்துவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் தங்கப்பன் ஆசாரியை அழைத்து, படத்தில் உள்ள நீளத்தையும் கூட்டின் நீளத்தையும் அவர் முன்னாலேயே அளந்து காட்டி, இந்த ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. தாணு சார் கோலும் கொண்டு வந்நு, சுற்று அளந்து நோக்கி, மரணத்திலாணு தங்கப்பா நிக்குன்னது, ஒரு சாண் நீட்டு என்னு பறஞ்ஞு, நான் நீட்டி, வீடாயாலும் வண்டியாயாலும் மரணத்தில் நான் உளி வைக்கில்லா சாறே என்று பெருமையாகச் சொன்னார். சாருக்கும் தெரிந்த காரியம்தானே என்ற பார்வையும் அவர் கண்ணில் இருந்தது.

நீ ஊரில் இல்லாத இந்த வருடங்களில் உன் மாமாவுக்கு ஏற்பட்டிருக்கும் மாற்றத்தை இங்கே சொல்ல வேண்டும். புள்ளியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வுபெற்ற மறுமாதமே மனைக்கணக்கு படிக்கத் தொடங்கினார். அறையின் சுற்றளவைக் கோலால் அளந்து, பெருக்கி, வகுத்து, அந்த அறை பால்யத்தில் நிற்கிறதா, கௌமாரத்திலா, யௌவனத்திலா, வார்த்தக்யத்திலா, மரணத்திலா என்று சொல்வார். மரணத்தில் நிற்கும் அறையில் ஆள் இருக்கக்கூடாதாம். எங்கள் தெருவில் மட்டும் இவர் பேச்சைக் கேட்டு ஒரு சமையலறையும் ஒரு குளியலறையும் இடம் மாறியிருக்கின்றன, அந்த வீட்டார் இப்போது குளித்துவிட்டு ஈரத்துணியோடு கூடத்தைக் கடந்து போகிறார்கள். தகடு பொருந்தாமல் போன அன்று மாலை கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் பிடித்து, கையில் நேந்திரங்காய் வறுவலோடு வந்தார். அத்தான் என்று அழைப்பதை நிறுத்திக்கொண்டு, தாணுலிங்கம் சார், உட்காருங்கள் என்றேன். சார் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் வறுவல் பொட்டலத்தை மடியில் இறக்கிக்கொண்டார். கார் ஓர் அறையா என்று கேட்டேன். ஆளு உள்ள இருந்து கதவைச் சாத்துனா அது அறைதாம்லா மாப்ளே என்றார். அறை ரிவர்ஸ் எடுக்குமா என்று கேட்டேன். பொன்முடி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் வாசல் ஒவ்வொரு திசைக்குத் திரும்புமே, அந்த அறைக்கு எது கிழக்கு என்றும் கேட்டேன். அதுக்குத்தான் திசைக்கணக்கை நான் எடுக்கவே இல்ல, வயசுக்கணக்கு மட்டுந்தான் பாத்தேன், நானென்ன மூடநம்பிக்கைக்காரனா என்றார். நாற்பது வருடம் மாணவர்களிடையே வாழ்ந்திருக்கிறேன் கௌசல்யா, இப்படி ஒரு பதிலை எந்த விடைத்தாளிலும் பார்த்ததில்லை. படத்தின் அடியில் என் மகளின் பெயர் இருக்கிறது, அதைத் திருத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கடைசியாகக் கேட்டேன். அதற்கு அவர் குரலைத் தாழ்த்தி, நான் ஒத்தையில போறதா இருந்தா மரணத்திலயே ஏறிப் போயிருவேன், எனக்கென்ன, இது பிள்ள ஏறப்போற வண்டியாக்கும் என்றார். இதற்கும் என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதற்குள் உன் அம்மா காப்பியோடு வந்துவிட்டாள்.

உன் அம்மாவுக்கு இது முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க சாடுவிய, அண்ணன் கோவிச்சிட்டுப் போவும், சொல்லாம இருந்தா தகடு வந்துரும், வந்த பொறவு நீங்க என்ன செய்வியன்னு நெனச்சேன் என்றாள். அவள் நினைத்தது அத்தனையும் நடந்திருக்கிறது, அண்ணன் கோபித்துக்கொண்டு போகாதது ஒன்றைத் தவிர. மறுநாள் அவளாகவே ஷெட்டுக்கு வருகிறேன் என்றாள். கூட்டுக்குள் ஏறி, இன்னும் சீட்டு இல்லாத வெறும் பலகையில் உட்கார்ந்து, முழங்காலை மடக்காமல் நேராக நீட்டினாள், எங்கும் இடிக்கவில்லை. கால நீட்டி இருக்கலாமே, பிள்ளைக்கும் நீளக்காலுல்லா என்று சொன்னவள், அந்த ஒரு சாண் இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அங்கே வெறும் தகடு வைத்து மூடி அதன்மேல் பிரம்பு பின்னினால் என்ன என்று ரெஜியிடம் கேட்டாள். நம் வீட்டு நாற்காலிக்குப் பின்னுகிறவரையே ரெஜி அழைத்துவந்துவிட்டார். கூரையில் வருகிற பட்டைக்குக் கறுப்புப் பெயின்ட், இரண்டு பக்கங்களிலும் தேன் நிறத்துக்கு வார்னிஷ் அடித்த பிரம்புப் பின்னல். உன் கோடு கதவுகளைத் தாண்டி வந்து அந்தப் பின்னலுக்குள் மறைந்து மறுபுறத்தில் வெளிப்பட்டு இறங்குகிறது. தெருவில் போகிறவர்கள் ஷெட்டுக்குள் நுழைந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். போன புதன்கிழமை எஞ்சினை முடுக்கினோம், ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின, ரெஜி தன் பஸ் ஹாரன் ஒன்றை எடுத்துவந்து மாட்டட்டுமா என்று கேட்டு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். வண்டி அழகாக இருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், உன் மாமாவிடம் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

இனி உன் அம்மா அறியக்கூடாத செய்தி. உன் மாமாவை அவருடைய ஆயுதத்தாலேயே வெல்வது என்று முடிவு செய்து, கல்லூரி நூலகத்திலிருந்து மனைக்கணக்கு நூல்களை எடுத்துவந்து முறையாகப் படித்தேன். நான் இதில் எதையும் நம்பவில்லை, பகைவனின் மொழியைக் கற்பது போலக் கற்றேன். பிறகு யாரும் இல்லாத நேரத்தில் ஷெட்டுக்குப் போய் நானே அளந்தேன். உன் மாமா அளந்த அன்று கூட்டின் உள்ளே குறுக்குச் சட்டங்கள் அடைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன, ஆகவே அவர் வெளிவிளிம்பைச் சுற்றி அளந்திருக்கிறார். அவரே வேதமாகச் சொல்லும் விதிப்படி அறைக்கு உள்ளளவுதான் கணக்கு. உள்ளளவில் பார்த்தால் நீ வரைந்த வண்டி வார்த்தக்யத்தில், அதாவது முதுமையில், பத்திரமாக நின்றிருக்கிறது. மரணத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று ஒரு சாண் நீட்டி, அதைக் கொண்டுபோய் மரணத்தில் நிறுத்தியவர் உன் மாமா. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை, திரும்பி வருகிற வழியில் பாலத்தடியில் நின்று இரண்டு பழம்பொரி சாப்பிட்டேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவரே ரம்பத்தை எடுத்துக்கொண்டு நேமத்துக்கு ஓடுவார், உன் படம் உனக்குத் திரும்பக் கிடைத்துவிடும், எதிர்வரும் ஞாயிறுகளில் உப்புக் கிண்ணத்தை அவரே எனக்கு எடுத்துத் தருவார்.

சொல்லவில்லை. வாய்வரை வந்த வாக்கியத்தை விழுங்கினேன். காரணம் உன் அம்மா. அண்ணன் ஓர் அளவை மரணம் என்றார், கணவன் இன்னோர் அளவை மரணம் என்கிறான் என்றால் அவள் மனதில் உள்ளளவும் வெளியளவும் தங்காது, அந்த ஒரு சொல் மட்டும் தங்கும். பிறகு வண்டியை எத்தனை முறை அறுத்தாலும் ஒட்டினாலும் அவள் அதில் ஏறமாட்டாள், உன்னையும் ஏறவிடமாட்டாள், ஏறினாலும் நீ இறங்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். ஆகவே வேறு வழி எடுத்தேன். சீட்டும் உள் மெத்தையும் தைக்கிற ஷெமியைப் போய்ப் பார்த்தேன், கரமனைச் சந்திப்பில் கடை வைத்திருப்பவர், இந்த ஊர்ப் பஸ்களில் பாதிக்கு அவர்தான் சீட்டு. உள்சுவர்களில் ஒட்டும் மெத்தையை எல்லாப் பக்கமும் இரண்டு விரல் கனம் கூட்டச் சொன்னேன், எஞ்சின் சத்தம் உள்ளே வராமல் இருக்க என்று காரணமும் சொன்னேன். அவர் நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, சத்தத்தினெங்கில் கூரைக்கும் வேண்டே சாறே, சுவருக்கு மட்டும் போதுமோ என்று கேட்டார். சுற்றளவுக்குக் கூரை வேண்டியதில்லை என்பதை நான் எப்படிச் சொல்வேன். மேசையில் கிடந்த மெத்தைத் துணிகளைப் புரட்டத் தொடங்கினேன். எனிக்கு மனசிலாயி சாறே, எங்ஙளுடெ வீடும் ஆசாரி கணக்குப் பறஞ்ஞு கட்டியதாணு என்றார். கூரைக்கும் சேர்த்தே தைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மெத்தை ஒட்டியபின் உள்ளளவு சுருங்கி, வண்டி மறுபடியும் முதுமைக்கே வந்துவிடுகிறது. ஒன்றுக்கு மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நம்பிக்கை வேறு, தவறான கணக்கைத் திருத்தாமல் விடுவது வேறு, நான் இரண்டாவதைச் செய்ய முடியாதவன் என்று மட்டும் எடுத்துக்கொள்.

ஆனால் கோடு உன்னுடையது, முடிவும் உன்னுடையதே. ரெஜி எடுத்த படங்களை இதனோடு வைத்திருக்கிறேன், நல்ல வெளிச்சத்தில் பார். பின்னல் உன் கோட்டை உடைக்கிறது என்று உனக்குத் தோன்றினால் வேண்டாம் என்ற ஒரு சொல் எழுது, கூட்டை அறுத்து உன் அளவுக்கே கொண்டுவரச் செய்கிறேன், வீட்டில் சொல்ல வேறு காரணம் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. அதுவரை முதுகுத் தகட்டில் கடைசி ஆணியை அறையக்கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறேன். யாருடைய மனமும் கோணக்கூடாதே என்று மட்டும் முடிவு செய்யாதே, உன் மாமாவின் மனம் கோணினால் ஒரு பொட்டலம் வறுவலில் நிமிர்ந்துவிடும். அவருடைய ஒரு வாக்கியம் மட்டும் இந்த இரண்டு வாரமாக என்னோடு பஸ்ஸில் வருகிறது, ஷெட்டுக்கு வருகிறது, பிள்ள ஏறப்போற வண்டியாக்கும் என்ற அந்த வாக்கியம். இன்று மதியம் அவர் சாப்பிட வரும்போது உப்பை நேராகவே நீட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அத்தான் என்று கூப்பிடுவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகட்டும்.

காலையில் பாலில் ஊறிய தவிட்டைத் தின்றுவிட்டு ஓடாதே, ரவையாவது கிளறிக்கொள். பனியில் சைக்கிளை எடுக்காதே என்று உன் அம்மா எழுதச் சொன்னாள், என் வழியாகத்தான் சொல்கிறாள், நேரில் சொன்னால் நீ சிரிப்பாயாம். டிக்கெட் எடுத்ததும் தேதியை எனக்கு மட்டும் முதலில் தெரிவி, விமான நிலையத்துக்கு ஹம்பரை நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன், பின்சீட்டில் கால் நீட்டிக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள். அவர்களுக்கு நடுவில் உனக்கு இடம் இருக்கும். நீ எந்த அளவைத் தேர்ந்தாலும் அந்த வண்டி முதுமையில்தான் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன், நீயும் நரைத்து, கண்ணாடி போட்டு, முழங்கால் வலிக்கு உன் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வரைக்கும் போகவேண்டும் அம்மா, இதைவிட ஓர் ஆசி எனக்குத் தெரியவில்லை.

உன் பதிலையும், மெத்தை விஷயத்தில் உன் மௌனத்தையும் எதிர்பார்க்கும்,
உன் அப்பா
ஆறுமுகசாமி